கை குளிரல்ல, சிஸ்டர்

அந்த மெசின் வந்து இறங்கிய நாளில் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. மேற்கே வயல் வட்டைகளின் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வாவியைத் தாண்டி வரும் காற்று அது. அத்தனை தண்ணீரைக் கடந்து வந்தாலும் அதில் ஈரம் ஒட்டாது. ஆஸ்பத்திரியின் பிள்ளைப்பேற்று வார்ட்டு வாவிக்கரையிலேயே இருந்தது. தடித்த பழஞ்சுவர், உயர்ந்த யன்னல்கள், கறுத்துப்போன ஓடுகள். மதியம் திரும்பியதும் யன்னல்களைச் சாத்திவிடுவார்கள். அதன்பிறகு உள்ளே கிணற்றுக்குள் விழுகிற வெளிச்சம்போல ஒரு மங்கல்தான். தாய்மார் உறங்குவார்கள், பிள்ளைகள் உறங்கும். காற்று மட்டும் யன்னல் இடுக்குகளில் வாயை வைத்து ஊதிக்கொண்டே இருக்கும்.

அப்படியொரு மதியத்தில்தான் மரப்பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வார்ட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் இமெல்டா பெட்டியைத் திறப்பித்தாள்.

தையல் மெசின் அளவில், பால்நிறத்தில், வழவழவென்று இருந்தது அது. முகப்பில் பச்சை விளக்கு ஒன்று. மூடியைத் திறந்தால் உள்ளே மூன்று உருளைகள். சேலைன் போத்தலிலிருந்து வருகிற குழாயை அந்த உருளைகளுக்கு அடியில் வைத்து மூடிவிட்டால், அவை சுழன்று சுழன்று மருந்தை அளவோடு நரம்புக்குள் தள்ளும். மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலடியில் நின்று சொட்டு எண்ண வேண்டியதில்லை. இரண்டு நேர்ஸ்மார் ஒரு வார்ட்டு முழுவதையும் ஓடி ஓடிப் பார்க்கிற இடத்தில் அது எவ்வளவு பெரிய உதவி! ஆஸ்பத்திரியே திரண்டு வந்து பார்த்தது.

"சிஸ்டர்தான் கொழும்புக்குப் போய்ப் பாத்து எடுத்தவ" என்றார் டொக்டர் ஜெயராஜா பெருமையாக.

இமெல்டா சிரித்தாள். சிரித்துவிட்டு மெசினின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளிநாட்டுத் திருச்சபை ஒன்று இந்த உதவிக்கு முன்வந்தபோது, "நீங்கதானே பாவிக்கப்போற ஆள், நீங்களே போய்த் தெரிவு செய்யுங்க" என்று டொக்டர் அவளைத்தான் அனுப்பினார். கொழும்பில் ஒரு பெரிய கடையின் மாடியில் இரண்டு மெசின்களை வைத்திருந்தார்கள். ஒன்று கறுப்பு, கடைத் தராசுபோல எடுப்பில்லாதது, சாவி கொடுத்து ஓட்டுவது, எந்த றபர் குழாயும் அதற்குப் பொருந்தும். மற்றது இது. விளக்கிச் சொன்னவன் ஒரு வெள்ளைக்காரன். அவனுடைய ஆங்கிலம் வாய்க்குள்ளேயே உருண்டு உருண்டு போயிற்று. தமிழில் படித்துத் தாதியானவள் இமெல்டா. மருந்துப் பெயர்களும் வார்ட்டு ஆங்கிலமும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. இது வேறு. சுற்றி நின்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் மேட்ரன்மார் எல்லாம் விளங்கியது விளங்கியதென்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அவன் மூடியைத் திறந்து, குழாயை இரண்டு விரலால் பிடித்து, உருளைக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் காட்டினான். நகர்த்திவிட்டு இமெல்டாவைப் பார்த்து ஏதோ கேட்டான். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"யெஸ், யெஸ்" என்றாள் இமெல்டா.

'விளங்கவில்லை' என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி வெட்கத்துக்கு அவள் பயந்தாள். விளங்காத அத்தனை பேச்சுக்கும் நடுவில் அந்தப் பச்சை விளக்கு ஒன்றுதான் அவளுக்கு விளங்கியது. எரிந்தால் ஓடுகிறது, எரியாவிட்டால் ஓடவில்லை. அதை நம்பி அந்த மெசினைத் தெரிந்தெடுத்தாள்.

கொஞ்சக்காலம் அது நன்றாகத்தான் ஓடியது. இமெல்டா அதைப் பிள்ளையைப்போலப் பார்த்தாள். தினமும் துடைத்தாள். தூசி விழாமல் இருக்கத் தன் கையாலேயே பின்னல் உறை ஒன்று பின்னிப் போட்டாள். குழாயை அவித்துக் கழுவி, முன்பு இருந்த அதே இடத்தில், மயிரிழை பிசகாமல் திரும்பப் பொருத்தினாள். பராமரிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

பிறகு கண்ணகை வந்தாள்.

செட்டிபாளையத்துப் பெண். கடற்றொழில் செய்யும் வினாயகமூர்த்தியின் மனைவி. தலைப்பிள்ளை. காலையில் ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளை நல்ல சுகம். தாய்க்குத்தான் இரத்தம் நிற்கவில்லை. கருப்பை சுருங்க மறுக்கிறது என்றார் டொக்டர். சுருங்க வைக்கிற மருந்தைச் சேலைனில் கலந்து, "மெசினில போடுங்க சிஸ்டர், அளவு தவறக் கூடாது" என்றார். போட்டதும் இரத்தம் கட்டுப்பட்டது. டொக்டர் வெளிநோயாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

யன்னல்களைச் சாத்தினார்கள். காற்று ஊதத் தொடங்கியது.

"சிஸ்டர், இது என்னத்துக்கு இப்பிடி இரையிது?" என்று கேட்டாள் கண்ணகை. குரலில் ஒரு கூச்சம். பெரிய இடத்துக்கு வந்துவிட்ட கூச்சம்.

"உனக்கு மருந்து தாற சத்தம் மகள். பயப்படாம படு."

உருளைகள் சுழன்றன. க்ரும்... க்ரும்... க்ரும்...

கொஞ்ச நேரத்தில் அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"சிஸ்டர்... முதல்ல கை குளிந்து கிடந்திச்சு. மருந்து உள்ள போறது தெரிஞ்சிச்சு. இப்ப கை குளிரல்ல, சிஸ்டர்."

இமெல்டா மற்றக் கட்டிலில் ஒரு பிள்ளைக்குத் தொப்புள் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி மெசினைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. உருளைகள் சுழன்றன. போத்தலில் மருந்து குறைந்துகொண்டு வந்தது. எல்லாம் சரி.

அவள் கண்ணகையின் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"அங்க பார், பச்ச லைட் எரியிது தானே? லைட் எரிஞ்சா மருந்து போகுது எண்டுதான் அர்த்தம். சும்மா யோசிக்காம நித்திர கொள்ளு."

"சரி சிஸ்டர்" என்றாள் கண்ணகை, கேட்டதே பிழை என்பதுபோல. அதன்பிறகு அவள் கூப்பிடவில்லை.

அடுத்த முறை இமெல்டா அந்தப் பக்கம் போனபோது அவளுடைய உதடுகள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. போர்வையைத் தூக்கியவள் அலறினாள். டொக்டர் ஓடி வந்தார். எல்லாரும் ஓடினார்கள். எதற்கும் நேரம் இருக்கவில்லை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது.

அன்று பின்னேரம், உடலைக் கொண்டுபோன பிறகு, இமெல்டா மெசினைத் துடைத்து வைக்கத் தூக்கினாள். உள்ளே ஏதோ தளும்பியது.

மூடியைத் திறந்தாள். அடித்தட்டு நிறைய மருந்து. தெளிந்த நீராக, அசையாமல் நின்றது. உருளைக்கடியில் குழாய் இலைபோல நசுங்கி, நடுவில் நகக்கீறல் அளவு வெடித்திருந்தது. ஒரே இடத்தில் உருளைகள் மிதித்து மிதித்து வந்த வெடிப்பு. போத்தல் குறைந்தது உண்மை. உருளை சுழன்றது உண்மை. மருந்தெல்லாம் மெசினின் வயிற்றுக்குள் போயிருக்கிறது.

இரண்டு விரலால் குழாயை நகர்த்திக் காட்டிய அந்த வெள்ளைக்காரன் கேட்டது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

இமெல்டா சுற்றிப் பார்த்தாள். யாருமில்லை. தட்டைக் கழற்றிக்கொண்டு போய்க் கழுவுதொட்டியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு மறுபடியும் தண்ணீர் விட்டு அலசினாள். வெடித்த குழாயைச் சுருட்டிக் குப்பைக்குள் ஆழமாகச் சொருகினாள்.

"மெசின் ஒழுங்கா ஓடினது தானே சிஸ்டர்?" என்று கேட்டார் டொக்டர், முகம் கழுவிக்கொண்டே.

"ஓடினது டொக்டர்."

அது பொய்யில்லை. பொய்யில்லை என்பதுதான் அவளை அதிகமாகக் கூச வைத்தது.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்த கையோடு வினாயகமூர்த்தி வந்தான். தாடி வளர்ந்திருந்தது. கையில் ஒரு பனையோலைப் பெட்டி, அதற்குள் உயிர் நண்டுகள் கரகரவென்று ஊர்ந்தன.

"சிஸ்டருக்குத்தான் கொண்டு வந்த."

"எனக்கு என்னத்துக்கு..."

"எங்களப்போல ஆக்களுக்கு ஆர் சிஸ்டர் இப்பிடி மெசினெல்லாம் வெச்சுப் பாப்பாங்க? நீங்க செய்யிறதெல்லாம் செஞ்சீங்க. பக்கத்திலயே நிண்டீங்களாம். அவட காலம் அவ்வளவுதான்." அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

இமெல்டா நண்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். வாங்காமல் விட்டால் ஏனென்று கேட்பானே.

அன்று மதியம்தான் அந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டது.

யன்னல்கள் சாத்தியிருந்தன. வார்ட்டு உறங்கிக்கொண்டிருந்தது. இமெல்டா மேசையில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். மூலையில், பின்னல் உறைக்கு உள்ளேயிருந்து வந்தது.

க்ரும்.

காற்று என்று நினைத்தாள்.

க்ரும்... க்ரும்...

எழுந்து போனாள். மெசினின் வயர் சுற்றிக் கட்டியபடி மேலே கிடந்தது. பிளக் சுவரில் மாட்டியிருக்கவில்லை. உறையைத் தூக்கியதும் சத்தம் நின்றது. மூடியைத் திறந்தாள். உருளைகள் அசையவில்லை. அடித்தட்டில் மட்டும், இப்போதுதான் யாரோ கைகழுவியதுபோல, ஈரம்.

துடைத்தாள். உலர்ந்த துணியால் இன்னொரு தரம் துடைத்தாள்.

மறுநாள் தட்டில் ஈரம் அல்ல, தண்ணீர் நின்றது. அத்துடன் ஒரு வாடை. மருந்து வாடையல்ல. பால் கட்டிய மார்பில் நனைந்து காய்ந்த சேலையின் வாடை. பிள்ளைப்பேற்று வார்ட்டில் எந்த நேரமும் இருக்கிற வாடைதான். ஆனால் அது மூலையிலிருந்து எழும்பி, கட்டில் வரிசையின் ஓரமாக நடந்து, கண்ணகை கிடந்த கடைசிக் கட்டிலுக்குப் போயிற்று. அந்தக் கட்டில் வெறுமையாக இருந்தது.

இமெல்டா பார்த்துக்கொண்டு நின்றாள். மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம் மெல்ல விழுந்தது.

"சிஸ்டர்..."

கூச்சம் நிறைந்த, மெலிந்த குரல். தொந்தரவு செய்கிறோமே என்று தயங்குகிற குரல்.

"கை குளிரல்ல, சிஸ்டர்."

அவள் தாழ்வாரத்துக்கு ஓடிவந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பிள்ளையொன்று சிணுங்கிவிட்டு ஓய்ந்தது. வேறு யாரும் எழும்பவில்லை. அந்தக் குரல் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சபித்திருந்தால், கழுத்தை நெரித்திருந்தால்கூட. அது இன்னும் அவளை நம்பிக் கேட்கிறது. அதுதான் முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியாமல் பண்ணியது.

அதற்குப் பிறகு இமெல்டா மெசினை முறையாகப் பார்க்கத் தொடங்கினாள். மெசினோடு வந்த புதுக் குழாய்களில் ஒன்றை மாட்டினாள். யாருக்காவது மருந்து ஓடும்போது, சற்றைக்கொருதரம் வந்து மூடியைத் திறந்து, குழாயை இரண்டு விரலால் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போனாள். லீவு நாளிலும் வந்தாள். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழும்பி வந்தாள்.

"என்ன சிஸ்டர், எந்த நேரமும் அந்த மெசினையே தடவிக்கொண்டு நிக்கிறீங்க?" என்று கேட்டாள் நேர்ஸ் அஞ்சலா. வார்ட்டில் மற்ற முறைக்கு நிற்கிற பெண் அவள். கெட்டிக்காரி, சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

"தூசி" என்றாள் இமெல்டா.

சொல்லியிருக்கலாம். 'குழாயை நகர்த்தி நகர்த்தி வை, ஒரே இடத்தில் விட்டால் வெடிக்கும்' என்று சொல்ல ஒரு மூச்சுக்கூடத் தேவையில்லை. ஆனால் அஞ்சலா அடுத்ததாகக் கேட்கப்போகிற கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். எப்படி உங்களுக்குத் தெரியும், சிஸ்டர்? எப்ப இருந்து தெரியும்?

தானே பார்த்துக்கொண்டால் போதாதா? யாருக்கும் தெரியாமலே பிழையைத் திருத்திவிட்டால் அது திருந்தினதாகாதா? கொஞ்ச நாளாகக் குரல் கேட்கவில்லை. கண்ணகை சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏறாவூரிலிருந்து கைறுன்னிஸாவைக் கொண்டு வந்தார்கள். மூன்றாம் பிள்ளை பிறந்து, அதே இரத்தப்போக்கு, அதே மருந்து. தாய் ஹவ்வா உம்மா கட்டிலடியில் விசிறியோடு இருந்து, வாய்க்குள் ஓதிக்கொண்டேயிருந்தா. மருந்தை மெசினில் ஒரு நாள் முழுக்க ஓட விடச் சொன்னார் டொக்டர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இமெல்டா விடிய எழும்பி வந்து குழாயை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் பூசைக்குப் போனாள். முடிந்ததும் ஓடி வந்துவிடலாம். ஆனால் அன்று திருநாள். பாடல்கள் நீண்டன. பிரசங்கம் நீண்டது. வெயில் ஏறி, கோயில் யன்னல்களிலும் கச்சான் ஊதத் தொடங்கியது. எழும்பிப் போனால் எல்லாரும் பார்ப்பார்களே என்று இருந்தாள்.

குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்தின் மணி அடித்தது. சனம் முழங்காலில் விழுந்து தலைகுனிந்தது. இருமல்கூட இல்லாத அமைதி.

க்ரும்.

அவள் தலையை நிமிர்த்தினாள்.

க்ரும்... க்ரும்...

பால் வாடை வந்தது. பக்கத்தில் யாரோ வந்து முழங்காலில் நின்றார்கள். இடது பக்கம் வெறும் தூண்தான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நனைந்த சேலைத் தலைப்பு அவளுடைய முழங்கையில் உரசியது.

"சிஸ்டர்..."

அவள் திரும்பவில்லை.

"அந்தப் பிள்ளைக்கும் கை குளிரல்ல."

இமெல்டா எழும்பி ஓடினாள். பூசைக்கு நடுவில், சனத்தின் முகங்களுக்கு நடுவில், தலையிலிருந்த முக்காடு நழுவி விழ, வெறித்த வெயிலில் இறங்கி ஓடினாள்.

வார்ட்டு அமைதியாக இருந்தது. சாத்திய யன்னல்கள். மங்கல் வெளிச்சம். பச்சை விளக்கு.

"என்ன சிஸ்டர், இண்டைக்கு லீவு தானே?" என்றாள் அஞ்சலா. "எல்லாம் ஒழுங்கா ஓடுது. இப்பதான் லைட்டப் பாத்தன்."

"எழுப்பாதீங்க மிஸி" என்றா ஹவ்வா உம்மா, விசிறியை நிறுத்தாமல். "கை குளிரல்ல உம்மா எண்டாள். மறுகா அப்பிடியே கண்ணயந்திட்டாள்."

இமெல்டா கைறுன்னிஸாவின் கையைத் தொட்டாள். ஊசி ஏறிய கை. அதில் எந்தக் குளிர்மையும் இல்லை. போர்வையை விலக்கினாள். சிவப்பு மெத்தை வரைக்கும் ஊறியிருந்தது.

மெசினின் மூடியைப் பிய்த்துத் திறந்தாள்.

உள்ளே ஒரு கை இருந்தது.

நெடுநேரம் தண்ணீருக்குள் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கிய விரல்கள். நகங்கள் நீலம். சுழல்கிற உருளைகளுக்கடியில் அந்த விரல்கள் நசுங்கி நசுங்கி நிமிர்ந்தன. பெருவிரல் குழாயின் வெடிப்பை அழுத்தி மூடியிருந்தது. அழுத்தியும் முடியாமல், விரலிடுக்கால் மருந்து கசிந்து தட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை இல்லாமல் போயிற்று. மருந்து பீறிட்டது.

"சாதாரண சேலைன் குழாய் கொண்டா! சுறுக்கா! டொக்டரக் கூப்பிடு!"

இமெல்டா மெசினைத் தள்ளிவிட்டு, அடிவயிற்றைப் பிடித்து அமுக்கிப் பிசைந்தாள். அஞ்சலா பழைய குழாயை மாட்டினாள். போத்தல் உயரத்தில் தொங்கியது. சொட்டு விழுந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் அது விழுவதைக் கண்ணால் காண முடிந்தது. டொக்டர் வந்தார். இரத்தம் ஏற்றினார்கள். இமெல்டா ஒரு கையில் மணிக்கூட்டையும் மறு கையில் கைறுன்னிஸாவின் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, சொட்டு எண்ணியபடி கட்டிலைவிட்டு அசையாமல் நின்றாள்.

வெயில் சாய்ந்தபோது கைறுன்னிஸா கண்ணைத் திறந்தாள்.

"உம்மா... கை குளிருது."

ஹவ்வா உம்மா மகளின் நெற்றியைத் தடவி அழுதா. அழுதுகொண்டே இமெல்டாவின் கையைப் பிடித்து, "அல்லா ஒங்களுக்கு நல்ல கூலி தருவான் மிஸி" என்றா.

இமெல்டா கையை இழுத்துக்கொண்டாள்.

"அப்பிடிச் சொல்லாதீங்க உம்மா" என்றாள். பிறகு, அஞ்சலாவும் டொக்டரும் நிற்கும்போதே, கேட்கிற குரலில் சொன்னாள்: "இந்தக் குழாய அடிக்கடி நகத்தி வெக்கோணும். இல்லாட்டி வெடிச்சு, மருந்தெல்லாம் உள்ளுக்கயே ஊத்துண்டு போகும். லைட் அப்பவும் எரியும். கண்ணகை செத்தது இதாலதான். அண்டைக்கே எனக்குத் தெரியும். நான் சொல்லல்ல."

அஞ்சலாவின் முகத்தில் இரத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒரு கொலைக்குத் தானும் உடந்தையாகியிருப்பாள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

டொக்டர் இமெல்டாவைத் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். கதிரையின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"விளங்கல்ல எண்டு எனக்கிட்டயாவது வந்து சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

"வெக்கமா இருந்திச்சு."

"இனி நேர்ஸ்மாருக்கெல்லாம் பழக்கிவிடுங்க. ஆனா இத இந்த அறையோட விட்டிடுவம். அந்த மனிசன் இப்ப ஆறியிருப்பான். அவனப் போய்க் கிளறி என்னத்துக்கு?"

"நான் அவர்ட்ட நண்டு வாங்கினன், டொக்டர்."

அவர் விளங்காமல் பார்த்தார். இமெல்டா எழும்பி வெளியே போய்விட்டாள்.

அன்று மாலையே அஞ்சலாவையும் மற்றவர்களையும் கூப்பிட்டு, மூடியைத் திறந்து, இரண்டு விரலால் குழாயை நகர்த்திக் காட்டினாள். ஒவ்வொருத்தியாகச் செய்து காட்டச் சொன்னாள். விளங்கினதா என்று மட்டும் கேட்கவில்லை. எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் செட்டிபாளையத்துக்குப் போனாள்.

வினாயகமூர்த்தி வளவுக்குள் வேப்பமரத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனுடைய அக்கா பிள்ளையை மடியில் வைத்திருந்தா. சிஸ்டரைக் கண்டதும் அவன் பதறி எழும்பி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கதிரையைத் தட்டினான். "இரிங்க சிஸ்டர், இரிங்க. அக்கா, இளநி வெட்டு."

"வேணாம். நான் நிண்டுகொண்டே சொல்லிட்டுப் போறன்."

சொன்னாள். கொழும்பிலிருந்து தொடங்கி, கழுவுதொட்டி வரைக்கும். 'கை குளிரல்ல' என்று கண்ணகை சொன்னதையும், தான் பச்சை விளக்கைக் காட்டியதையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது அக்காக்காரி பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உள்ளே போயிருந்தா.

வினாயகமூர்த்தி கத்தவில்லை. கையிலிருந்த வலையூசியைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்ப" என்றான் கடைசியில், "நான் வந்து உங்களக் கும்பிட்ட நேரமும், எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் நிண்டீங்களா?"

"ஓம்."

அவன் தலையசைத்தான். ஒரு பிள்ளை சொல்கிற கணக்கு சரிதானென்று ஒத்துக்கொள்வதுபோலத் தலையசைத்தான். பிறகு வலைக்கு முன்னால் இருந்து, அறுந்த கண்ணைத் தேடினான். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"போங்க" என்றான். "பஸ் வாற நேரம்."

கல்முனையிலிருந்து வந்த பஸ்ஸில் முன்பக்கம் ஒரு இருக்கை கிடைத்தது. இமெல்டா அதில் இருந்து, கைப்பையை மடியில் வைத்து, வெளியே பார்த்தாள். தென்னைகளும் மணலும் ஓடின. ஆரையம்பதியில் சனம் நெருக்கியடித்து ஏறியது. நிற்கக்கூட இடமில்லை. கொண்டக்டர் சனத்துக்குள்ளால் பிதுங்கி வந்தவன், இமெல்டாவின் தலைக்கு மேலால் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டான்.

"ஆராவது எழும்பி அந்தப் புள்ளப்பெத்த பொம்புளைக்கு இடம் குடுங்களன்! நிக்க ஏலாம நிக்கா!"

இமெல்டா பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பினாள். இருக்கையை விட்டு விலகி, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பி நின்றாள்.

பஸ் குலுங்கி ஓடியது. அவளுடைய தோளில் ஆட்கள் இடித்தார்கள். காலை மிதித்தார்கள். அந்த ஓர் இருக்கையில் மட்டும் யாரும் இருக்கவில்லை. யாரும் அதை வெற்றிடமென்று பார்த்ததாகவும் தெரியவில்லை.

காத்தான்குடியில் தொப்பி போட்ட வயதானவர் ஒருவர் ஏறினார். இருக்க இடம் தேடி வந்தவர் அந்த இருக்கைக்குக் கிட்ட வந்ததும் நின்றார். முகம் இளகியது.

"எழும்பாத மகள், இரி இரி. நான் நிப்பன்."

அவர் இமெல்டாவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பச்ச உடம்புக்காரி. சீலையெல்லாம் நனைஞ்சுபோய் இரிக்கா. ஆரோட வந்த புள்ள அது?"

இமெல்டா கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னோடதான்" என்றாள்.